யாரும் முழுதாய்க் காணாத பந்தயம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

திடலில் நடைபெறும் ஓட்டப் பந்தயத்தை ஓரிடத்தில் அமர்ந்தே தொடக்கம் முதல் முடிவு வரை காணலாம். மலைகளையும் சமவெளிகளையும் கடந்து ஒரு நாட்டையே சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயத்தை அவ்வாறு காண இயலுமா? சாலையோரம் நிற்பவர் காண்பது சில நொடிகள் மட்டுமே. எஞ்சிய நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்களை அவருக்குக் காட்டியது செய்தியாளரின் எழுதுகோல். பிரான்சு நாட்டில் நாளிதழ் ஒன்றால் தோற்றுவிக்கப்பட்டு, நாளிதழ்களால் காவியமாக வளர்க்கப்பட்ட ஒரு பந்தயத்தின் வழியே, இதழியலின் ஆற்றலையும் பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

பந்தயத்தின் இயல்பு

ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நடைபெறும் சாலை மிதிவண்டிப் பந்தயங்களுள் தலையாயது ‘டூர் டி பிரான்ஸ்’ ஆகும். ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடைபெறும் இப்பந்தயம், நாளொன்றுக்கு ஒரு கட்டம் எனப் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அனைத்துக் கட்டங்களையும் கடக்க எடுத்துக்கொண்ட மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர்.

இப்பந்தயத்தில் வீரருக்குப் பெரும்பகை காற்றே. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்கிறார். அவருக்குப் பின்னே ஒட்டிச் செல்பவர் குறைந்த ஆற்றலில் அதே விரைவை எட்டுகிறார். எனவே வீரர்கள் பெருங்கூட்டமாகவே செல்ல விரும்புவர். கூட்டத்தை விட்டுத் தனியே முன்னேறுபவர் காற்று முழுவதையும் தாமே எதிர்கொள்ள வேண்டும். அவர் இறுதிவரை தாக்குப்பிடிப்பாரா, முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பாகக் கூட்டத்தால் விழுங்கப்படுவாரா என்பதில்தான் இப்பந்தயத்தின் நாடகம் அடங்கியுள்ளது.

ஆனால் இந்நாடகத்திற்கு அரங்கம் இல்லை. மக்கள் மணிக்கணக்கில் சாலையோரம் காத்திருப்பர், வண்ணச் சட்டைகள் காற்றென விரைந்து மறையும், அவ்வளவே. யார் யாரை முந்தினார், எந்த மலையில் யார் களைத்தார், யாருடைய சக்கரம் பழுதுற்றது என்பனவற்றை மறுநாள் காலை நாளிதழைப் படித்தே அறிந்தனர். காணும் வாய்ப்பு குறைந்தமையால் சொல்லுக்கு வாய்ப்பு மிகுந்தது.

நாளிதழ் ஈன்ற பந்தயம்

இப்பந்தயம் பிறந்த கதையே இதழியல் வரலாற்றின் ஒரு பகுதி. பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஆல்பிரட் டிரைபஸ் என்பவர், நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்னும் பொய்க்குற்றச்சாட்டில் 1894ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்போரும் குற்றவாளியே என்போருமாக நாடே இரு பிளவானது. அந்நாளில் புகழ்பெற்று விளங்கிய ‘லெ வேலோ’ என்னும் விளையாட்டு நாளிதழின் ஆசிரியர் பியேர் ழிபார் டிரைபஸின் பக்கம் நின்றார். இதனால் சினமுற்ற தொழிலதிபர்கள் சிலர், அவ்விதழுக்குப் போட்டியாக 1900ஆம் ஆண்டு புதிய நாளிதழ் ஒன்றைத் தொடங்கினர். பெயரைப் பற்றிய வழக்கில் தோற்றபின் அவ்விதழ் ‘லோத்தோ’ என அழைக்கப்பட்டது. லெ வேலோ பச்சைத் தாளிலும் லோத்தோ மஞ்சள் தாளிலும் அச்சாயின.

லோத்தோவின் ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ச், முன்னாள் மிதிவண்டி வீரர். 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவர். எனினும் இதழின் விற்பனை உயரவில்லை. 1902ஆம் ஆண்டு நவம்பரில் அவர் கூட்டிய ஆலோசனையில், இளம் செய்தியாளர் ஜெயோ லெபெவ்ர் ஒரு கருத்தைச் சொன்னார். பிரான்சு நாட்டையே சுற்றிவரும் பந்தயம் ஒன்றை நடத்தலாம் என்பதே அது. முதலில் தயங்கிய ஆசிரியர் பின்னர் இசைந்தார். 1903 ஜனவரியில் அறிவிப்பு வெளியானது.

இங்கு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். செய்தி எழுதுவதற்காகவே இந்நிகழ்ச்சி உருவாக்கப்பட்டது. நிகழ்ச்சியை நடத்துவோரும் அதனைப் பற்றி எழுதுவோரும் ஒருவரே. விற்பனை உயர வேண்டுமெனில் பந்தயம் வியப்பூட்ட வேண்டும்; பந்தயம் வியப்பூட்ட வேண்டுமெனில் வீரர்கள் துன்புற வேண்டும். பின்னாளில் எழுந்த பல சிக்கல்களுக்கு இதுவே வித்து.

முதல் பந்தயமும் முதல் செய்தியாளரும்

1903 ஜூலை முதல் நாள், பாரிசுக்கு அருகிலுள்ள மோன்ழெரோன் என்னும் ஊரில் அறுபது வீரர்கள் புறப்பட்டனர். தொலைவு 2,428 கிலோமீட்டர்; கட்டங்கள் ஆறு. முதல் கட்டமே லியோன் நகர்வரை 467 கிலோமீட்டர். பிற்பகலில் புறப்பட்டவர்கள் இரவு முழுவதும் இருளில் வண்டியை மிதித்தனர். முதலில் லியோனை அடைந்த மொரிஸ் கரேன் எடுத்துக்கொண்ட நேரம் 17 மணி 45 நிமிடம்.

செய்தியாளர் லெபெவ்ர் சிறிது தொலைவு மிதிவண்டியிலும் சிறிது தொலைவு தொடர்வண்டியிலும் வீரர்களைத் தொடர்ந்தார். அவரே நடுவர், அவரே செய்தி அனுப்புபவர். ஆசிரியரோ பாரிசில் அமர்ந்து, தாம் காணாத பந்தயத்தைப் பற்றி வீறார்ந்த தலையங்கங்கள் எழுதினார். புறப்பாட்டு நாளன்று அவர் எழுதிய தலையங்கம், எமிலி ஜோலாவின் புதினத்தில் வரும் உழவனின் பரந்த கையசைவை நினைவூட்டித் தொடங்கியது. டிரைபஸுக்காக வாதாடிய எழுத்தாளர் ஜோலா. டிரைபஸின் எதிர்ப்பாளர்கள் தொடங்கிய இதழ் லோத்தோ. பகைவர் எனினும் சொல்வளத்திற்கு அவரையே நாட வேண்டியதாயிற்று.

அறுபதின்மருள் இறுதிவரை வந்தவர் இருபத்தொருவர். வெற்றி பெற்றவர் கரேன். இளமையில் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர் அவர். ‘சிறிய புகைபோக்கித் துடைப்பாளர்’ என்னும் பட்டப்பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. உழைக்கும் மக்கள் தம்முள் ஒருவராகவே அவரைக் கண்டனர். இதழின் விற்பனை பன்மடங்கு உயர்ந்தது.

மறு ஆண்டே இவ்வெற்றியின் மறுபக்கம் வெளிப்பட்டது. தம் ஊர் வீரர் வெல்ல வேண்டும் என்னும் வெறியில், இருளில் மறைந்திருந்த கும்பல்கள் பிற வீரர்களைத் தாக்கின. சாலைகளில் ஆணிகள் தூவப்பட்டன. முறைகேடுகளுக்காக முதல் நான்கு இடம் பெற்றவர்களும் தகுதி நீக்கம் செய்யப்பட்டு, ஐந்தாம் இடம் பெற்ற பத்தொன்பது வயது ஆன்ரி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். பந்தயம் தன் வெற்றியாலேயே அழிந்தது எனத் தெகிராஞ்ச் மனம் நொந்து எழுதினார். எழுத்து மூட்டிய ஆர்வம் எல்லை கடந்தால் தீயாகும் என்பதை அவர் கண்கூடாகக் கண்டார்.

மலையும் தந்தியும்

1910ஆம் ஆண்டு பந்தயத்தைப் பைரனீஸ் மலைத்தொடரின் வழியே நடத்த வேண்டும் என்று லோத்தோவின் செய்தியாளர் அல்போன்ஸ் ஸ்தெயினேஸ் வற்புறுத்தினார். பாதையைப் பார்த்துவர அவரே அனுப்பப்பட்டார். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மாலே கணவாயில் அவருடைய கார் பனியில் சிக்கியது. காரை விட்டிறங்கி இரவில் பனியினூடே தடுமாறி நடந்தவர், வழிதவறி, நள்ளிரவுக்குப் பின் மலைக்கு அப்பாலுள்ள ஊரை அரைகுறை உயிருடன் அடைந்தார். மறுநாள் காலை அவர் ஆசிரியருக்கு அனுப்பிய தந்தி, தூர்மாலேயைக் கடந்துவிட்டதாகவும் சாலை மிக நன்றாக இருப்பதாகவும் கூறியது!

அந்தத் தந்தியின் விலையைக் கொடுத்தவர்கள் வீரர்கள். அவ்வாண்டு ஜூலையில் லுசோன் முதல் பயோன் வரையிலான 326 கிலோமீட்டர் கட்டத்தில், நான்கு பெருங்கணவாய்களை அவர்கள் கடக்க நேர்ந்தது. கல்லும் மண்ணுமான பாதையில் பலர் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தனர். ஓபிஸ்க் கணவாயில் காத்திருந்த அமைப்பாளர்களைக் கண்ட ஒக்தாவ் லாபிஸ், அவர்களைக் கொலைகாரர்கள் என்று கூவினார். அக்கட்டத்தை வென்றவரும் அவரே. அவ்வாண்டுப் பந்தயத்தை வென்றவரும் அவரே.

தந்தியின் பொய்யும் வீரரின் கூக்குரலும் இன்று அப்பந்தயத்தின் புகழ்பெற்ற கதைகளாக வழங்குகின்றன. முன்னதை நகைச்சுவையாகவும் பின்னதை வீரக்கதையாகவும் சொல்வர். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்பது விளங்கும்.

உலைக்களத்தில் ஒரு வீரர்

வென்றவரைப் பற்றி எழுதுவது எளிது. தோற்றவரை நிலைக்கச் செய்வதே எழுத்தின் பேராற்றல். 1913ஆம் ஆண்டு, வெற்றி வாய்ப்பு மிகுந்தவராகக் கருதப்பட்ட யூஜீன் கிறிஸ்தோப் தூர்மாலேயிலிருந்து இறங்கும்போது, அவருடைய வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. மிதிவண்டிக் கடைகளில் ‘போர்க்’ எனப்படும் உறுப்பு அது. பழுதை வீரரே நீக்க வேண்டும். பிறர் உதவியைப் பெறலாகாது என்பது அக்கால விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் மலைப்பாதையில் நடந்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து சென்றனர்.

மலையடிவாரத்தில் உள்ள சேந்த் மரி தெ காம்பான் என்னும் சிற்றூரில் ஒரு கொல்லன் உலை இருந்தது. நடுவர்கள் சூழ்ந்து நின்று கண்காணிக்க, கிறிஸ்தோப் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைச் செப்பனிட்டார். அவருக்குத் துருத்தி ஊதிய சிறுவனின் உதவியையும் விதிமீறலாகக் கொண்டு, நடுவர்கள் அவருடைய நேரத்தில் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்தனர். மணிக்கணக்கில் காலம் கடந்துவிட்டது. எனினும் அவர் வண்டியேறி எஞ்சிய மலைகளையும் கடந்து அன்றைய கட்டத்தை முடித்தார்.

1919ஆம் ஆண்டு, முன்னணி வீரரைச் சாலையில் எளிதில் அடையாளம் காண மஞ்சள் சட்டை அறிமுகமானது. அதனை முதலில் அணிந்தவர் கிறிஸ்தோப். அவ்வாண்டும் வெற்றி நெருங்கிய வேளையில் கவை முறிந்தது. அவர் ஒருபோதும் டூர் பந்தயத்தை வெல்லவில்லை. ஆயினும் அவரை நேரில் கண்டிராத வாசகர்கள் 1919இல் அவருக்காகப் பணம் திரட்டி அளித்தனர். அவருடைய உலைக்களக் கதையைச் சொல்லும் நினைவுப்பலகை அச்சிற்றூரில் இன்றும் உள்ளது.

வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனை, வென்றவனிலும் நல்லவன் என்று வென்றவனிடமே பாடினார் வெண்ணிக் குயத்தியார். தோற்றவரின் பெருமையைக் காணும் கண் எம்மொழி எழுத்துக்கும் அணியே.

உணவகத்தில் கிடைத்த செய்தி

1924ஆம் ஆண்டு ‘லெ பெத்தி பாரிசியன்’ என்னும் நாளிதழ், தன் புகழ்பெற்ற செய்தியாளர் அல்பேர் லோந்திரைப் பந்தயத்திற்கு அனுப்பியது. அவர் விளையாட்டுச் செய்தியாளர் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டுதான் தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவின் தண்டனைச் சிறைகளுக்குச் சென்று, அங்குள்ள கைதிகளின் கொடுந்துயரை எழுதி நாட்டை அதிர வைத்திருந்தார்.

மூன்றாம் கட்டம் செர்பூர் நகரிலிருந்து பிரெஸ்ட் நகர்வரை 405 கிலோமீட்டர். முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஆன்ரி பெலிசியே, அவருடைய தம்பி பிரான்சிஸ், தோழர் மொரிஸ் வில் ஆகிய மூவரும் இடைவழியில் பந்தயத்தை விட்டு விலகினர். பிற செய்தியாளர்கள் பந்தயத்தைத் தொடர்ந்து சென்றனர். லோந்திர் விலகியவர்களைத் தேடித் திரும்பினார். கூத்தான்ஸ் என்னும் ஊரின் உணவகம் ஒன்றில் அவர்கள் சூடான சாக்லெட் பருகிக்கொண்டிருந்தனர்.

விலகியதன் காரணம் ஒரு சட்டை. வீரர்கள் புறப்படும்போது கொண்டிருந்த எதனையும் வழியில் எறியலாகாது என்பது விதி. விடியுமுன் கடுங்குளிரில் புறப்படுவோர் ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டை அணிவர். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறிவர். அதனைக் கண்டுபிடிக்க, அதிகாரி ஒருவர் பெலிசியேயின் சட்டையைத் தூக்கி எண்ணிப் பார்த்தார். மாவீரர் எனப் போற்றப்பட்டவர், மனிதர் என்றும் மதிக்கப்படவில்லை. அவ்விழிவைப் பொறாமல் அவர் விலகினார்.

பின்னர் அம்மூவரும் தம் பைகளைத் திறந்து காட்டினர். கண்ணுக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, உடற்சோர்வுக்கு ஒன்று எனப் பல மருந்துகள் அவற்றுள் இருந்தன. கொக்கெயின் போன்ற கொடிய பொருள்களும் அவற்றுள் அடக்கம். லோந்திர் தம் கருத்தை நீளமாக எழுதவில்லை. அவர்கள் பேசியதைப் பேசியவாறே, சிறு சிறு தொடர்களில், உரையாடலாகவே தந்தார். அவருடைய இச்செய்தித் தொடர் பிற்காலத்தில் ‘சாலையின் தண்டனைக் கைதிகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. பந்தயத்தை நடத்திய இதழ் சொல்லாததை, நடத்தாத இதழ் சொன்னது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. லோந்திருக்கு மிதிவண்டிப் பந்தயம் பற்றி அதிகம் தெரியாது. ஆகவே மருந்துகளைக் காட்டி அவரைச் சற்று விளையாட்டாக ஏமாற்றினோம் எனப் பிரான்சிஸ் பெலிசியே பின்னாளில் கூறினார். அக்கூற்றை எந்த அளவிற்கு ஏற்பது என்பது ஆராய்தற்குரியது. எனினும் மனம் நெகிழ்விக்கும் செய்தி கிடைக்கும்போதுதான் செய்தியாளர் மிகுந்த விழிப்புடன் அதனைச் சரிபார்க்க வேண்டும் என்னும் பாடத்தை அது தருகிறது.

செய்தி காவியமாதல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலக்கியவாணர் பலர் பந்தயச் செய்தி எழுத முன்வந்தனர். 1949ஆம் ஆண்டு இத்தாலியைச் சுற்றிவரும் ‘ஜீரோ’ பந்தயத்திற்கு, ‘கொரியரே தெல்லா சேரா’ நாளிதழ் தன் எழுத்தாளரும் புகழ்பெற்ற புதின ஆசிரியருமான தீனோ புட்சாட்டியை அனுப்பியது. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் கூனியோ முதல் பினரோலோ வரை 254 கிலோமீட்டர் கட்டம். வழியில் ஐந்து கணவாய்கள். முப்பதை எட்டாத பௌஸ்தோ கோப்பி தனியே பிரிந்து, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவைத் தன்னந்தனியாகக் கடந்தார். முப்பத்து நான்கு வயதான ஜீனோ பார்த்தாலி 11 நிமிடம் 52 நொடி பின்தங்கி இரண்டாவதாக வந்தார்.

புட்சாட்டி இதனைக் கிரேக்கக் காவியத்தின் அக்கிலீசு, எக்தர் ஆகியோரின் போருக்கு ஒப்பிட்டார். இவ்வுவமை வெறும் அணி அன்று. எக்தர் தோற்றும் இழிவுறாதவன். அவ்வாறே, முதுமையை எதிர்த்து மிதித்த பார்த்தாலியையும் வாசகர்கள் மதிப்புடன் காணுமாறு அவ்வுவமை செய்தது. இருவரின் இடைவெளி எண்ணால் சொல்லப்பட்டது. அவ்விடைவெளியின் பொருள் உவமையால் சொல்லப்பட்டது.

பிரான்சில் எழுத்தாளர் அந்துவான் புளோந்தேன், லோத்தோவின் வழித்தோன்றலான ‘லெகிப்’ நாளிதழில் 1954 முதல் 1982 வரை இருபத்தேழு டூர் பந்தயங்களைப் பற்றி எழுதினார். அறிஞர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில், டூர் பந்தயத்தை ஒரு காவியமாகவே ஆராய்ந்தார். வீரர்களுக்குக் காவிய மாந்தர்போல் பட்டப்பெயர் சூட்டப்படுவதையும், மலைகளே மாந்தர்களாக மாற்றப்படுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். பலி கேட்கும் தீய தெய்வமாக வெந்தூ மலை உருவகிக்கப்படுவதும் அவற்றுள் ஒன்று.

பத்தாண்டுகள் கழிந்தன. 1967 ஜூலை 13ஆம் நாள், கடும் வெயிலில் அதே வெந்தூ மலையில் ஏறும்போது ஆங்கிலேய வீரர் டாம் சிம்சன் சரிந்து விழுந்து உயிர் நீத்தார். அவருக்கு வயது இருபத்தொன்பது. அவர் ஊக்கமருந்து உட்கொண்டிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. மலை பலிகொண்டது என்று எழுதலாம். அது அழகிய தொடர்தான். ஆனால் மலை யாரையும் கொல்வதில்லை. மருந்தும் வெயிலும் ஓய்வற்ற போட்டியும் சேர்ந்து ஓர் இளைஞரைக் கொன்றன. உவமை உண்மையை விளக்க வேண்டுமேயன்றி மறைத்தல் கூடாது.

கைதட்டாத செய்தியாளர்

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் பந்தயத்தைக் காணும் வாய்ப்பு பெருகியது. வானொலிச் செய்தியாளர்கள் மோட்டார் சைக்கிளில் வீரர்களைத் தொடர்ந்தனர். அப்பணியின் முன்னோடியான அலெக்ஸ் விரோ, 1957ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் மலைச்சரிவில் கவிழ்ந்து, அதனை ஓட்டியவருடன் உயிரிழந்தார். இன்றோ ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கப்படும் காட்சிகளால், வீட்டிலிருந்தே பந்தயம் முழுவதையும் காணலாம். எல்லாவற்றையும் காண முடிந்தபின் செய்தியாளருக்கு என்ன வேலை? கண்ணுக்குப் புலப்படாததைத் தேடுவதே அவர் வேலை.

1999ஆம் ஆண்டு, புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் டூர் பந்தயத்தை வென்றார். உலகமே நெகிழ்ந்து கைதட்டியது. ‘சண்டே டைம்ஸ்’ இதழின் செய்தியாளர் டேவிட் வால்ஷ் கைதட்டவில்லை. அவ்வெற்றி ஐயத்திற்குரியது என எழுதினார். ஆம்ஸ்ட்ராங் தொடர்ந்து ஏழு முறை வென்றார். பிரெஞ்சுச் செய்தியாளர் பியேர் பலெஸ்தேருடன் இணைந்து, அணியின் முன்னாள் பணியாளர் உள்ளிட்டோரின் சாட்சியங்களைத் திரட்டி, 2004ஆம் ஆண்டு வால்ஷ் நூலொன்றை வெளியிட்டார். ஆம்ஸ்ட்ராங் வழக்குத் தொடுத்தார். சண்டே டைம்ஸ் பெருந்தொகை கொடுத்து உடன்பாடு காண நேர்ந்தது. வீரரின் பேட்டி கிடைக்காமல் போய்விடுமோ என அஞ்சி, உடன் பணியாற்றிய செய்தியாளர் சிலர் வால்ஷைத் தம் காரில் ஏற்றிக்கொள்ளவும் தயங்கினர்.

2005ஆம் ஆண்டு லெகிப் நாளிதழும் ஆம்ஸ்ட்ராங்கின் 1999ஆம் ஆண்டு மாதிரிகளில் ஊக்கமருந்து இருந்ததாக வெளிப்படுத்தியது. டூர் பந்தயத்தை நடத்தும் நிறுவனமும் லெகிப் நாளிதழும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. தன் குழுமத்தின் பந்தயத்தையே களங்கப்படுத்தும் உண்மையை அவ்விதழ் முதற்பக்கத்தில் அச்சிட்டது. 2012ஆம் ஆண்டு அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வெளிவந்தபின், ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவர் தம் குற்றத்தைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

நிறைவுரை

1910இன் தந்தி, பந்தயம் நடைபெற வேண்டும் என்பதற்காக உண்மையை மறைத்தது. 1924இன் செய்தியாளர், பந்தயத்தை விட்டுத் திரும்பி நடந்து உண்மையைத் தேடினார். 1999இன் செய்தியாளர், நம்ப விரும்பும் உலகின் நடுவே நின்று ஐயம் எழுப்பினார். மூவரும் ஒரே சாலையைப் பற்றி எழுதியவர்களே.

பந்தயத்தின் உணர்ச்சி செய்தியாளரின் சொல்லலங்காரத்தில் பிறப்பதில்லை. துருத்தி ஊதிய சிறுவன், எண்ணப்பட்ட சட்டை, 11 நிமிடம் 52 நொடி என அவர் உற்றுநோக்கிக் கண்ட நுண்ணிய உண்மைகளிலேயே அது பிறக்கிறது. தாம் காணாததைச் செய்தியாளரின் கண்ணால் காண்பவர் வாசகர். அந்த நம்பிக்கையே இதழியலின் முதல். அதனை இழந்தபின் எத்துணை அழகாக எழுதினும் பயனில்லை.

தெரிந்து தெளிவோம்

அல்பேர் லோந்திர் 1932ஆம் ஆண்டு ஏடன் வளைகுடாவில் கப்பல் தீப்பற்றியதில் உயிரிழந்தார். அவர் நினைவாக, பிரெஞ்சு மொழியில் எழுதும் சிறந்த செய்தியாளர்களுக்கு 1933 முதல் அவர் பெயரால் பரிசு வழங்கப்பட்டு வருகிறது.

சொல்லும் பொருளும்

கணவாய் – இரு மலைகளுக்கு இடைப்பட்ட வழி
துருத்தி – உலையில் காற்று ஊதும் தோற்கருவி
கவை – இரண்டாகப் பிளந்த உறுப்பு
புறப்புண் – முதுகில் பட்ட காயம்
வடக்கிருத்தல் – வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து உயிர் துறத்தல்

இலக்கணக் குறிப்பு

எழுதுகோல் – வினைத்தொகை
கடுங்குளிர் – பண்புத்தொகை
காணாத பந்தயம் – எதிர்மறைப் பெயரெச்சம்
மருந்தும் வெயிலும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

நடந்தார் = நட + த்(ந்) + த் + ஆர்
நட – பகுதி. த் – சந்தி, ‘ந்’ ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் நடைபெற்ற விளையாட்டுப் போட்டி ஒன்றில் தோற்ற அணியின் பார்வையில் ஒரு பக்க அளவில் செய்தி எழுதுக.
2. ஒரே விளையாட்டு நிகழ்வு குறித்து இரு நாளிதழ்களில் வந்த செய்திகளைத் திரட்டி, கண்டறிந்த உண்மைகளையும் எழுதியவரின் கருத்துகளையும் தனித்தனியே பட்டியலிடுக.
3. “உணர்ச்சியூட்டும் செய்திக்கு உவமை தேவை” என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய நாளிதழ்
அ) லெ வேலோ ஆ) லோத்தோ இ) லெ பெத்தி பாரிசியன் ஈ) சண்டே டைம்ஸ்

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) ஸ்தெயினேஸ் – உலைக்களம் ஆ) கிறிஸ்தோப் – தந்தி இ) லோந்திர் – கூத்தான்ஸ் உணவகம் ஈ) புட்சாட்டி – வெந்தூ மலை

குறுவினா

1. சாலை மிதிவண்டிப் பந்தயத்தில் வீரர்கள் கூட்டமாகச் செல்வதன் காரணம் யாது?
2. பெலிசியே பந்தயத்திலிருந்து விலகியது ஏன்?

சிறுவினா

1. “மலை யாரையும் கொல்வதில்லை” – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.
2. வெண்ணிக் குயத்தியாரின் பார்வையைக் கிறிஸ்தோப்பின் கதையோடு ஒப்பிடுக.

நெடுவினா

நிகழ்ச்சியை நடத்துவோரே அதனைப் பற்றிய செய்தியையும் எழுதுவதால் விளையும் நன்மை தீமைகளைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் விவரிக்க.